வீட்டு சர்வர வெளியிலேர்ந்து பாக்கணும், ஆனா ஊருக்கே கதவ திறந்து வைக்காம – என்ன வழி?

குறுக்குசந்து | மார்ச் 3, இரவு 11.12

வணக்கம் மக்களே. நான் பெங்களூர்ல, அப்பா அம்மா ஊர்ல, அக்கா சிங்கப்பூர்ல. பொங்கலுக்கு போனப்ப பரண்ல கெடந்த பழைய லேப்டாப்ப எடுத்து டெபியன் போட்டு 2 டிபி டிஸ்க் மாட்டி இம்மிச் (கூகுள் போட்டோஸ் மாதிரி நாமே வீட்ல ஓட்டுற போட்டோ ஆப்) ஏத்திட்டு வந்தேன், அம்மா போன்ல எடுக்கிற போட்டோ எல்லாம் அதுல ஏறுது, வீட்டு வைஃபைக்குள்ள இருக்கிற வரைக்கும் ஜோரா ஓடுது. இப்ப நான் இங்கேர்ந்து பாக்கணும், அம்மா கோயில் கல்யாணம்னு வெளிய போனாலும் போட்டோ ஏறணும், அவ்ளோதான் ஆசை. நேத்து அப்பாவ வீடியோ கால்ல வச்சிக்கிட்டு ரவுட்டர் பேஜ திறந்து இம்மிச் ஓடுற 2283 போர்ட்ட (வெளியிலேர்ந்து உள்ள வர்ற கதவு நம்பர்) லேப்டாப்புக்கு ஃபார்வர்ட் பண்ண வச்சேன், மனுஷன் கண்ணாடிய தேடி எடுத்துட்டு வந்து ஒவ்வொரு எழுத்தா தட்டினாரு, கடைசில இங்கேர்ந்து போட்டு பாத்தா டைம் அவுட். ரவுட்டர் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, டிஎம்ஸெட் (எல்லா போர்ட்டையும் ஒரே மெஷினுக்கு திருப்பி விடுறது) கூட போட்டு பாத்தாச்சு. ரவுட்டர் போச்சா இல்ல எனக்கு தான் மண்டைல ஏதும் இல்லையா?

பாக்கெட்_பாண்டி | மார்ச் 3, இரவு 11.47

தம்பி, ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல இன்டர்நெட் ஐபின்னு ஒண்ணு காட்டும், அப்பாவ அத மட்டும் படிக்க சொல்லு. அப்பறம் அதே வீட்டு நெட்லேர்ந்து 'என் ஐபி என்ன'ன்னு தேடினா ஒரு நம்பர் வரும். ரெண்டும் ஒண்ணா இருக்கா?

குறுக்குசந்து | மார்ச் 4, காலை 8.05

இல்லண்ணா. ரவுட்டர்ல 100.72-ல ஆரம்பிக்குது. வெளிய வேற எதோ காட்டுது.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 4, காலை 9.30

அவ்ளோதான், ரவுட்டர் மேல பழி போடாத. 100.64-லேர்ந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர் வந்தா நீ கேரியர் நாட்டுக்குள்ள இருக்க, சிஜிநாட்டுன்னு சொல்வாங்க (நாட்டுன்னா NAT, ஒரே ஐபிய பல பேருக்கு பங்கு போடுறது). 2012-ல இதுக்குன்னே ஒதுக்கின நம்பருங்க இது, ஆர்எஃப்சி 6598-னு இன்டர்நெட் விதி ஆவணம். ஐபிவி4-ல, அதாவது பழைய ஐபி முறைல, மொத்தமே சுமார் 430 கோடி நம்பர் தான், உலக அளவுல கையிருப்பு 2011 பிப்ரவரிலயே தீந்து போச்சு, அதனால நெட் கம்பெனிக்காரன் ஒரு பப்ளிக் ஐபிக்கு பின்னாடி ஒரு தெருவையே கட்டி வச்சிருக்கான். நீ உன் ரவுட்டர்ல கதவ திறந்த, சரி, ஆனா அதுக்கு முன்னாடி அவன் ஆபீஸ்ல இன்னொரு கதவு இருக்கு, அதுல உனக்கு சாவி கெடையாது.

எங்க காலத்து ஆளுங்களுக்கு புரியிற மாதிரி சொல்லணும்னா, பெட்டிக்கடை வாசல்ல ஒரு ரூபா காயின் போன் இருக்கும்ல, அதுலேர்ந்து நீ யாருக்கு வேணா பேசலாம், உனக்கு யாரும் அதுக்கு போன் போட முடியாதுன்னு வச்சிக்க. இப்ப உன் வீட்டு நெட் அப்படித்தான்.

சும்மாதான்_கேட்டேன் | மார்ச் 4, காலை 10.02

இவ்ளோ கஷ்டத்துக்கு நெட்காரன்கிட்ட ஸ்டாட்டிக் ஐபி கேட்டு மாசம் கொஞ்சம் காசு கட்டிட்டு போர்ட்ட திறந்து விட்டா முடிஞ்சுதுல்ல? இல்லன்னா மாசா மாசம் கூகுளுக்கே கட்டலாம். சும்மாதான் கேட்டேன்.

ராத்திரிபறவை | மார்ச் 4, மதியம் 1.15

ஸ்டாட்டிக் ஐபி வாங்குறது ஒண்ணும் தப்பில்ல, வாங்கிட்டு 2283-ஐ அப்படியே திறந்து விடுறது தான் தப்பு. 2013-லயே மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆளுங்க ஸீமேப்னு ஒண்ணு எழுதி ஒரே ஒரு மெஷின், ஒரு ஜிகாபிட் லைன வச்சிக்கிட்டு மொத்த ஐபிவி4 உலகத்தையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிஷத்துக்குள்ள தட்டி பாத்து முடிச்சாங்க. 'என் வீட்ட எவன் தேடி வரப்போறான்'னு சொல்றதுல்லாம் செல்லாது, யாரும் உன்ன தேடல, எல்லா கதவையும் தட்டுறாங்க, உன்னுதும் அதுல ஒண்ணு.

2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் வந்துச்சு ஞாபகம் இருக்கா? கியூநாப் பாக்ஸ (வீட்ல ஃபைல் சேத்து வைக்கிற டிஸ்க் பெட்டி) நெட்டுக்கு நேரா திறந்து வச்சிருந்தவங்க காலைல எழுந்து பாத்தா எல்லா ஃபைலும் பூட்டி இருக்கு, லாகின் பக்கத்துலயே 0.03 பிட்காயின் குடுன்னு எழுதி இருக்கு. குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம். நெறைய பேருக்கு தாங்க போர்ட் திறந்து வச்சிருக்கோம்னே தெரியாது, ரவுட்டர்ல யுபிஎன்பின்னு ஒரு வசதி ஆன்ல இருந்தா பாக்ஸே ரவுட்டர்கிட்ட கேட்டு போர்ட்ட திறந்துக்கும். ஒடனே ரவுட்டர்ல அத ஆஃப் பண்ணுங்க, அப்பறம் மத்தத பேசலாம்.

மலைக்கோட்டை82 | மார்ச் 4, மதியம் 2.40

இதுக்கு இவ்ளோ பேச்சு எதுக்கு ப்ரோ, கிளவுட்ஃப்ளேர் டனல் போடுங்க, பத்து நிமிஷ வேலை. சொந்தமா ஒரு டொமைன் மட்டும் வேணும். லேப்டாப்ல கிளவுட்ஃப்ளேர்டின்னு ஒரு சின்ன புரோகிராம் ஓடும், அது உள்ளேர்ந்து வெளிய கூப்பிட்டு அவங்க சர்வரோட லைன் பிடிச்சு வச்சிக்கும், 7844 போர்ட்டுக்கு போகும், ரெண்டு டேட்டா சென்டருக்கு மொத்தம் நாலு லைன் வைக்கும், ஒண்ணு அறுந்தாலும் ஓடும். நீங்க போட்டோஸ்-டாட்-உங்கபேருன்னு அடிச்சா ரிக்வெஸ்ட் அவங்ககிட்ட போகும், அவங்க ஏற்கனவே திறந்திருக்கிற லைன் வழியா வீட்டுக்கு அனுப்புவாங்க. ரவுட்டர்ல ஒரு ஓட்டை கூட போட வேணாம், சிஜிநாட்டு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. 2018-ல ஆர்கோ டனல்னு காசுக்கு வித்தாங்க, 2021-லேர்ந்து ஃப்ரீ. நான் ரெண்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு தொந்தரவு இல்ல.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 4, மாலை 6.20

மலைக்கோட்டை சொல்றது சரி, பாதி வரைக்கும்.

போன் உதாரணத்தையே தொடர்றேன். வீட்ல போன் இல்லாதவங்க அப்பல்லாம் விசிட்டிங் கார்டுலயும் கல்யாண பத்திரிக்கைலயும் 'பிபி'ன்னு போட்டு பக்கத்து வீட்டு நம்பர குடுப்பாங்க. போன் அங்க வரும், அந்த வீட்டு மாமி ஜன்னல் வழியா 'ஏம்மா உனக்கு போன்'னு கூப்பிடுவாங்க. டனல்னு எத சொன்னாலும் இதான். சிஜிநாட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு யாராவது ஒருத்தர் பிபி நம்பரா நிக்கணும், கிளவுட்ஃப்ளேரோ, டெய்ல்ஸ்கேலோ (உன் மெஷினுங்கள மட்டும் இணைக்கிற விபிஎன்), நீயே வாடகைக்கு எடுத்த விபிஎஸ்ஸோ (நெட்ல இருக்கிற வாடகை சர்வர்). அது இல்லாம மாயமா உள்ள வர வழி இல்ல. அதனால எது நல்ல டனல்னு கேக்குறதுக்கு முன்னாடி, யார் வீட்டு நம்பர குடுக்குறேன், அந்த மாமி எவ்ளோ கேப்பாங்கன்னு பாரு.

கிளவுட்ஃப்ளேர்ல என்னன்னா எச்டிடிபிஎஸ் பூட்டு அவங்க இடத்துல திறக்கும். பிரவுசர்லேர்ந்து அவங்க வரைக்கும் ஒரு பூட்டு, அவங்ககிட்டேர்ந்து உன் வீட்டுக்கு இன்னொரு பூட்டு, நடுவுல அவங்க கைல வெறுமனே இருக்கும். படிக்கிறாங்கன்னு நான் சொல்லல, படிக்க முடியிற இடத்துல இருக்காங்க. ஒரு பிளாக்குக்கு எனக்கு கவலையே இல்ல, அம்மாவோட ஆதார் கார்ட போட்டோ எடுத்து வச்சிருக்கிற ஆல்பத்துக்கு நான் யோசிப்பேன்.

ரெண்டாவது, இதான் நெறைய பேர் தப்பா புரிஞ்சிக்கிறது. டனல் உன் வீட்டு ஐபிய மறைக்கும், உன் ஆப்ப மறைக்காது. அந்த டொமைன அடிச்சா உலகத்துல எவனுக்கும் இம்மிச் லாகின் பக்கம் வரும். ஆப்ல ஓட்டை இருந்தா டனல் வழியா அழகா உள்ள வந்துருவான், நீ போர்ட் ஒண்ணும் திறக்கல தான், ஆனா கதவு உன் வீட்ல இல்லாம அவங்க வீட்ல இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

மலைக்கோட்டை82 | மார்ச் 4, இரவு 7.05

அதுக்கு தான் கிளவுட்ஃப்ளேர்லயே ஆக்ஸஸ்னு ஒண்ணு இருக்கே ண்ணா. முன்னாடி ஒரு லாகின் வச்சிரலாம், மெயிலுக்கு ஓடிபி வரும், அத தாண்டினா தான் இம்மிச் பக்கமே கண்ணுக்கு தெரியும்.

ராத்திரிபறவை | மார்ச் 4, இரவு 9.50

பிரவுசருக்கு ஓகே, மொபைல் ஆப் அந்த லாகின் பக்கத்த பாத்தா முழிக்கும். சர்வர்கிட்ட டேட்டா (ஜேசன்) கேட்டா வெப் பக்கம் (எச்டிஎம்எல்) வருதேன்னு எர்ரர் அடிச்சிட்டு உக்காந்துரும். இம்மிச் ஆப்ல ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடயும் போற ஹெட்டர் தனியா சேக்குற இடம் இருக்கு, அதுல ஆக்ஸஸ் குடுக்கிற சர்வீஸ் டோக்கன் (நிரந்தர அனுமதி சாவி) போட்டு தாண்டலாம், அம்மா போன்ல அத நீங்க ஒரு தடவ உக்காந்து போட்டு குடுக்கணும்.

இத விட பெரிய தலைவலி, ஃப்ரீ பிளான்ல ஒரு அப்லோடுக்கு 100 எம்பி தான். போட்டோ ஏறும், அம்மா கல்யாண வீட்ல நாலு நிமிஷம் வீடியோ எடுத்தாங்கன்னா அது ஏறவே ஏறாது, திரும்ப திரும்ப முயற்சி பண்ணி போன் சூடாகும், பேட்டரி போகும், நீங்க என்னமோன்னு ஒரு வாரம் தேடுவீங்க. ஜெல்லிஃபின் மாதிரி வீட்டு சர்வர்லேர்ந்து சினிமா ஓட்டுற ஆப்புக்கும் அத நம்பாதீங்க, வீடியோவ அளவுக்கு மீறி ஓட்டினா கட்டுப்படுத்துவோம்னு அவங்க சிடிஎன் விதிமுறைலயே இருக்கு.

குறுக்குசந்து | மார்ச் 4, இரவு 10.30

ஐயோ. அம்மா எடுக்கிறதுல பாதி வீடியோ தான், அதுலயும் பாதி தரையும் செருப்பும் தான் தெரியும். அப்ப டெய்ல்ஸ்கேல்?

பாக்கெட்_பாண்டி | மார்ச் 5, காலை 7.10

உன் கேஸுக்கு அதான். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம்.

அடியில ஓடுறது வயர்கார்டுன்னு ஒரு விபிஎன், 2020 மார்ச்ல லினக்ஸ் 5.6-லேர்ந்து கர்னல்லயே இருக்கிற சமாச்சாரம். ஒவ்வொரு மெஷினும் சொந்தமா ஒரு சாவி ஜோடி உருவாக்கிக்கும், ரகசிய சாவி மெஷின விட்டு வெளிய போகாது. டெய்ல்ஸ்கேல் கம்பெனி பண்றது கல்யாண தரகர் வேலை, இவர் சாவி இது, அவர் அட்ரஸ் அதுன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிட்டு ஒதுங்கிக்கும். அப்பறம் உன் போனும் வீட்டு லேப்டாப்பும் நேரா பேசிக்கும், டேட்டா அவங்க வழியா போகாது.

ரெண்டு பக்கமும் நாட்டுக்கு பின்னாடி இருக்கும்போது எப்படி நேரா பேசும்? சூட்சுமம் என்னன்னா நாட்டும் ஃபயர்வாலும் வெளிய போனதுக்கு வர்ற பதில உள்ள விடும். அதனால ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல ஒண்ண ஒண்ணு பாத்து யுடிபி பாக்கெட் அனுப்பும். உன் ரவுட்டர் 'நம்மாளு இப்பதான் அவனுக்கு அனுப்பினான், இது பதில் போல'ன்னு நெனச்சு விட்ரும், அந்த பக்கமும் அதே கதை. ஹோல் பஞ்சிங்னு பேரு. ரெண்டு ஃபயர்வாலும் ஏமாந்ததுன்னு கூட சொல்ல முடியாது, அதோட விதிப்படி தான் நடந்துக்குது. இந்த வழி கொஞ்ச நேரம் சும்மா கெடந்தா மூடிக்கும், நெறைய ரவுட்டர்ல அரை நிமிஷம் தான், அதனால தான் வயர்கார்டுல கீப்அலைவ் (வழி மூடாம இருக்க அப்பப்ப அனுப்புற பாக்கெட்) 25 செகண்டுன்னு போட சொல்றது.

சில நாட்டு ரொம்ப கறார், ஒவ்வொரு ஆளுக்கும் வெளிய வேற வேற போர்ட் குடுக்கும், அந்த நேரத்துல அடுத்தவன் எந்த போர்ட்ல இருக்கான்னு கண்டுபிடிக்க முடியாம போகும். அப்ப தான் டெர்ப்னு அவங்க ரிலே சர்வர் வழியா சுத்தி போகும். அது பிபி மாமி தான், ஆனா பேசுறது மாமிக்கு புரியாத பாஷை, பூட்டின பாக்கெட்ட கை மாத்தி விடுறது மட்டும் தான் வேலை. மெதுவா இருக்கும், கேக்க முடியாது.

வெளிய எவனுக்கும் உன் லேப்டாப் கண்ணுக்கே தெரியாது, லாகின் பக்கம் கூட வராது. அதான் நான் சொல்ற 'மறைவு'.

சும்மாதான்_கேட்டேன் | மார்ச் 5, காலை 9.00

தரகர் பொய் சொன்னா? வேற எவனோட சாவியவோ குடுத்து இதான் உங்க மாப்பிள்ளைன்னு சொன்னா? சும்மாதான் கேட்டேன்.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 5, காலை 9.45

நல்ல கேள்வி, ஒரு தடவையாவது சும்மா கேக்காம உண்மையா கேட்டுட்ட. அந்த நம்பிக்கை வச்சு தான் ஆகணும். டெய்ல்நெட் லாக்னு ஒண்ணு இருக்கு, புது மெஷின் சேரணும்னா உன்னோட பழைய மெஷின் ஒண்ணு கையெழுத்து போடணும், அத ஆன் பண்ணா தரகர் தனியா ஒண்ணும் பண்ண முடியாது. தரகரே வேணாம்னா ஹெட்ஸ்கேல்னு நீயே ஓட்டுற மாதிரி ஓப்பன் சோர்ஸ்ல இருக்கு, ஆனா அத வைக்க பப்ளிக்கா ஒரு மெஷின் வேணும், அப்பறம் அத யார் காவல் காக்கிறது.

ராத்திரிபறவை | மார்ச் 5, இரவு 11.20

நான் காக்குறேன் 🙂 எங்க வீட்ல மும்பைல ஒரு குட்டி விபிஎஸ் வச்சு வயர்கார்டு தான். வீட்டு பாக்ஸ் விபிஎஸ்ஸுக்கு டயல் பண்ணி லைன் பிடிச்சிக்கும், வெளிய எல்லாரும் விபிஎஸ்ஸுக்கு வருவாங்க, அது எந்த பேருக்கு வந்துருக்குன்னு மேலோட்டமா பாத்துட்டு பூட்ட திறக்காமயே வீட்டுக்கு தள்ளி விட்ரும். எச்டிடிபிஎஸ் பூட்டுக்கான சர்ட்டிஃபிகேட், சாவி எல்லாம் வீட்ல தான். விபிஎஸ் கம்பெனிக்காரனுக்கு யாரு வந்தான்னு தெரியும், என்ன பேசினான்னு தெரியாது. சர்ட்டிஃபிகேட் வாங்க 80-ஆம் போர்ட் திறக்கணுமேன்னு கேப்பீங்க, தேவையில்ல, சர்ட்டிஃபிகேட் ஃப்ரீயா குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்ல, உங்க டொமைன் டிஎன்எஸ்ல ஒரு ரெக்கார்ட் போட்டு காட்டி வாங்குற முறை இருக்கு.

ஆனா நான் பட்ட பாட்டையும் சொல்லிடணும்.

மொத வாரம் சின்ன பக்கம் எல்லாம் திறக்கும், பெருசா எதாவது வந்தா அப்படியே தொங்கி நிக்கும். பிங் போகுது, எஸ்எஸ்ஹெச் போகுது, போட்டோ மட்டும் வராது. மூணு ராத்திரி. கடைசில பாத்தா எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எத்தன பைட் வரைக்கும் இருக்கலாம்ங்கிற அளவு. வயர்கார்டு 1420-ன்னு வச்சிக்கும், எங்க ஃபைபர் பிபிபிஓஇங்கிற முறைல வருது, அதுல 1500 கெடையாது 1492, எட்டு பைட் குறையுது, 1412-ன்னு மாத்தினதும் ஓடிருச்சு. எட்டு பைட்டுக்கு மூணு ராத்திரி.

அடுத்தது இன்னும் கேவலம். வீட்டு பாக்ஸ்ல ஃபெயில்2பேன் போட்டிருந்தேன், தப்பு பாஸ்வேர்ட் அஞ்சு தடவ அடிச்சா அந்த ஐபிய தடுக்கிறதுக்கு. ஆனா வர்ற எல்லாரும் விபிஎஸ் வழியா வர்றதால பாக்ஸுக்கு எல்லாரும் ஒரே ஆளா தெரிஞ்சாங்க. எங்க வீட்டுக்காரர் பாஸ்வேர்ட மறந்துட்டு அஞ்சு தடவ அடிச்சாரு, அது விபிஎஸ்ஸையே தடுத்துருச்சு, மொத்த குடும்பமும் வெளிய. பிராக்ஸி புரோட்டோகால்னு ஒண்ண ரெண்டு பக்கமும் ஆன் பண்ணா தான் உண்மையான ஐபி உள்ள வரைக்கும் வரும்.

எனக்கு இந்த நோண்டல் புடிச்சிருக்கு. உங்களுக்கு போட்டோ மட்டும் பாத்தா போதும்னா இந்த பக்கம் வராதீங்க.

மலைக்கோட்டை82 | மார்ச் 6, காலை 8.30

ஒரு விஷயம். டொமைன் பேர ஊகிக்க முடியாத மாதிரி வச்சா எவனுக்கும் தெரியாதுல்ல, போட்டோஸ்க்கு பதிலா எதோ பதினாறு எழுத்து கிறுக்கல்?

ராத்திரிபறவை | மார்ச் 6, காலை 9.15

சர்ட்டிஃபிகேட் வாங்கின நிமிஷமே அந்த பேரு சர்ட்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்ஸி லாக்ல பப்ளிக்கா ஏறிடும். அத உக்காந்து படிச்சிக்கிட்டே இருக்கிற தானியங்கி புரோகிராமுங்க (bot) இருக்கு. நான் புதுசா ஒரு பேரு போட்டு காபி குடிச்சிட்டு வந்து என் சர்வர் லாக்க பாத்தா ஏற்கனவே எவனோ 'டபிள்யூபி லாகின்' (வேர்ட்பிரஸ் லாகின் பக்கம்) இருக்கான்னு தேடிட்டு போயிருக்கான்.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 6, காலை 9.40

சின்ன திருத்தம்மா. தனி பேருக்கு சர்ட்டிஃபிகேட் வாங்கினா நீ சொல்றது நூத்துக்கு நூறு. கிளவுட்ஃப்ளேர் சும்மா குடுக்கிற யுனிவர்சல் சர்ட்டிஃபிகேட்ல துணை பேருக்கு பதிலா நட்சத்திர குறி (ஒயில்டுகார்டு) தான் இருக்கும், துணை பேரு லாக்ல வராது. நீயும் ஒயில்டுகார்டு வாங்கினா அதே தான். இருந்தாலும் பேர மறைச்சு வச்சு பாதுகாப்புன்னு நம்புறது, வீட்டு சாவிய மிதியடிக்கு அடியில வைக்கிற மாதிரி. டெய்ல்ஸ்கேல்லயும் இது உண்டு, எச்டிடிபிஎஸ் ஆன் பண்ணா மெஷின் பேரு அந்த லாக்ல ஏறிடும், அதனால மெஷினுக்கு அப்பா பேர் ஊர் பேர் எல்லாம் வைக்காத.

குறுக்குசந்து | மார்ச் 8, இரவு 9.00

நேத்து சனிக்கிழமை ஊருக்கே வந்துட்டேன், அப்பாவ இனிமே கஷ்டப்படுத்த முடியாது. போர்ட் ஃபார்வர்ட எடுத்தாச்சு, யுபிஎன்பி ஆஃப். லேப்டாப்லயும் அம்மா போன்லயும் என் போன்லயும் டெய்ல்ஸ்கேல் போட்டேன், உண்மையிலயே இருபது நிமிஷம் தான், நம்பவே முடியல. வைஃபைய அணைச்சிட்டு மொபைல் டேட்டால திறந்தா இம்மிச் வருது!!

ஆனா மெதுவா இருக்கு. வீடியோ 4, 5 எம்பிபிஎஸ் தாண்ட மாட்டேங்குது. ஸ்டேட்டஸ் பாத்தா 'ரிலே பிஎல்ஆர்'னு போட்டிருக்கு.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 8, இரவு 9.35

பெங்களூர் டெர்ப் வழியா சுத்துது. வீட்டு சிஜிநாட்டும் மொபைல் கம்பெனி சிஜிநாட்டும் ரெண்டும் கறார் பார்ட்டி போல. ஆனா உன் மொபைல்ல ஐபிவி6 (புது ஐபி முறை) கண்டிப்பா இருக்கும், நம்ம ஊர் மொபைல் நெட்ல பெரும்பாலும் இருக்கு. வீட்டு ரவுட்டர்ல ஐபிவி6 ஆஃப்ல இருக்கான்னு பாரு. ஐபிவி6-ல நாட்டே தேவையில்ல, ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்த அட்ரஸ், அதனால போர்ட் ஊகிக்கிற பிரச்சனையே வராது, ரெண்டு பக்க ஃபயர்வாலையும் தாண்டினா போதும், அது அந்த ஹோல் பஞ்சிங்குக்கு ஊதி தள்ற வேலை. முக்கியம்: ரவுட்டர்ல ஐபிவி6 ஃபயர்வால் ஆன்லயே இருக்கட்டும், வேகமா ஓடணும்னு எவனாவது யூட்யூப்ல அத ஆஃப் பண்ண சொன்னா பண்ணிராத, வீட்ல இருக்கிற டிவி கேமரா எல்லாம் நேரா தெருவுல நிக்கும்.

குறுக்குசந்து | மார்ச் 8, இரவு 10.20

அண்ணா நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். ரவுட்டர்ல ஐபிவி6 'டிசேபிள்'னு இருந்துச்சு, ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன், ஸ்டேட்டஸ்ல இப்ப 'டைரக்ட்'னு வருது, 60 எம்பிபிஎஸ்க்கு மேல. ஃபயர்வால் ஆன்ல தான் இருக்கு, தொடல.

இன்னொன்னு மட்டும் பாக்கி. அக்கா போன்ல ஆபீஸ் விபிஎன் எப்பவும் ஓடணும், ஆண்ட்ராய்டுல ஒரு நேரத்துல ஒரு விபிஎன் தான் ஓடுமாம், டெய்ல்ஸ்கேல் ஆன் பண்ணா ஆபீஸ் மெயில் நின்னுடுது. பெரியம்மா வீட்டுக்கும் ஆல்பம் அனுப்பணும், அவங்க போன்ல போய் இதெல்லாம் என்னால போட முடியாது, அவங்க வாட்ஸ்அப் அப்டேட் பண்ணவே என்ன தான் கூப்பிடுவாங்க.

மலைக்கோட்டை82 | மார்ச் 9, காலை 7.50

இப்ப வந்தீங்களா என் பக்கம். சொந்தக்காரங்க எல்லாரையும் விபிஎன்ல சேக்க முடியாது ப்ரோ, லிங்க் தான் அனுப்பணும். இம்மிச் பப்ளிக் பிராக்ஸின்னு தனியா ஒரு குட்டி புரோகிராம் இருக்கு, ஷேர் லிங்க் இருக்கிற ஆல்பத்த மட்டும் காட்டும், லாகின் பக்கம், ஏபிஐ (ஆப் பேசுற வழி) எதையும் வெளிய விடாது. டனல அதுக்கு மட்டும் போடுங்க, இம்மிச்சுக்கு போடாதீங்க. பாக்குறதுக்கு தானே, அப்லோட் இல்ல, 100 எம்பி பிரச்சனையும் இல்ல.

பாக்கெட்_பாண்டி | மார்ச் 9, காலை 8.15

இத நான் சொல்லிருக்கணும், மலைக்கோட்டை முந்திக்கிட்டாரு. சரியான பிரிப்பு. காத்திருப்பு அறைக்கு ஊர் வரலாம், பூஜை ரூமுக்கு வீட்டு ஆளுங்க மட்டும். ஆதார் கார்ட எந்த ஷேர் ஆல்பத்துலயும் போட்டு வைக்காத, அத டனல் காப்பாத்தாது.

அப்பறம் சர்வர்ல அப்டேட் தானா ஓடுற மாதிரி வை. உள்ள ஒளிச்சு வச்சாச்சுன்னு பழைய வெர்ஷன அப்படியே விடுற வியாதி நம்ம எல்லாருக்கும் உண்டு. பாஸ்வேர்ட் சேத்து வைக்கிற கம்பெனி லாஸ்ட்பாஸோட 2022 கதைய படிச்சு பாரு, அவங்க இன்ஜினியர் ஒருத்தர் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த பழைய பிளெக்ஸ் (வீட்டு வீடியோ சர்வர் ஆப்) வழியா தான் உள்ள போனாங்க, அந்த ஓட்டைக்கு 2020-லயே பேட்ச் வந்துருச்சு.

கடைசியா ஒண்ணு, இந்த வழி எல்லாம் அடைச்சிக்கிட்டா உள்ள போக என்ன பண்ணுவன்னு ஒரு குறிப்பு எழுதி வை. லேப்டாப் பாஸ்வேர்ட், ரவுட்டர் பாஸ்வேர்ட், யார கூப்பிடணும். இப்ப நெனப்பு இருக்கும்போதே.

குறுக்குசந்து | மார்ச் 9, இரவு 8.40

எழுதிட்டேன் அண்ணா. அக்காவுக்கும் லிங்க் போயாச்சு, 'ஏன்டா என் மொகத்த இவ்ளோ கிட்ட எடுத்துருக்க'ன்னு பதில் வந்துச்சு, அப்ப திறந்துருச்சுன்னு அர்த்தம். எல்லாருக்கும் நன்றி.

குறுக்குசந்து | செப்டம்பர் 4, காலை 6.55

பழைய இழைய தோண்டுறதுக்கு மன்னிக்கணும். நேத்து சாயந்தரத்துலேர்ந்து இம்மிச் வரல. வீட்ல கரண்ட் இருக்கு, நெட் இருக்கு, வீட்டு வைஃபைல அம்மாவுக்கு லோக்கல் அட்ரஸ்ல ஓடுது, எனக்கு மட்டும் சர்வர் ஆஃப்லைன்னு காட்டுது. ஆறு மாசமா ஒரு பிரச்சனை இல்ல, நான் எதையும் தொடவும் இல்ல.

பாக்கெட்_பாண்டி | செப்டம்பர் 4, காலை 7.20

எப்ப போட்ட? மார்ச் 7-ஆ? எண்ணி பாரு.

குறுக்குசந்து | செப்டம்பர் 4, காலை 7.26

180 நாள்?

பாக்கெட்_பாண்டி | செப்டம்பர் 4, காலை 7.40

டெய்ல்ஸ்கேலோட கீ எக்ஸ்பைரி, சாவி காலாவதி ஆயிடுச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மறுபடி லாகின் பண்ணணும்னு டீஃபால்ட்டா வச்சிருக்காங்க, போன் தொலைஞ்சா அவன் காலத்துக்கும் உள்ள வரக்கூடாதுல்ல, அந்த நியாயம் தான். சர்வருக்கு அத ஆஃப் பண்ணணும், நானும் மார்ச்ல சொல்ல மறந்துட்டேன், என் தப்பும் இருக்கு. அட்மின் பேனல்ல அந்த மெஷின் பக்கத்துல மெனு இருக்கும், தற்காலிகமா நீட்டிக்கிறது ஒண்ணு, அரை மணி நேரம் குடுக்கும், மெஷின் திரும்ப வந்ததும் அதே மெனுல 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' அழுத்திரு. தூரத்துலேர்ந்து அந்த லைன் வழியாவே உள்ள போய் ஃபோர்ஸ் ரீஆத் (கட்டாய மறு லாகின்) மட்டும் அடிச்சிராத, உக்காந்திருக்கிற கிளைய வெட்டுற வேலை அது, லைன் அறுந்துச்சுன்னா மறுபடி அப்பா தான், கண்ணாடி தான்.

சர்வருக்கு மட்டும் ஆஃப் பண்ணு. அம்மா போனுக்கு இருக்கட்டும்.

ராத்திரிபறவை | செப்டம்பர் 4, காலை 7.55

அம்மா போனுக்கும் எடுத்துருங்கன்னு நான் சொல்வேன். போன் தொலைஞ்சா பேனல்ல அந்த மெஷின தூக்கிட்டா போச்சு, அம்மாவ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ லாகின் பண்ண வைக்கிறத விட அது சுலபம்.

குறுக்குசந்து | செப்டம்பர் 4, காலை 8.30

வந்துருச்சு. சர்வருக்கு எக்ஸ்பைரி ஆஃப். அம்மா போனுக்கு தீபாவளிக்கு போறப்ப யோசிக்கிறேன், இப்போதைக்கு வீடியோ கால்ல லாகின் பண்ண வச்சேன்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிடுறேன். இந்த மாதிரி ஆனா என்ன பண்ணணும்னு மார்ச்ல எழுதி வச்ச குறிப்ப ராத்திரி முழுக்க தேடினேன். அது அந்த சர்வர்ல தான் இருக்கு. இப்ப அப்பாவுக்கு போன்ல சொல்லி ஒரு பேப்பர்ல எழுத வச்சாச்சு, ரவுட்டருக்கு மேல ஒட்ட சொல்லிருக்கேன், மனுஷன் செல்லோடேப்ப தேடிட்டு இருக்காரு.